சாகாதவர்களின் அரசவை லாங்கன்தாலில் கூடிய நாள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் நான் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டியது கை மட்டும்தான். தலை வேறொரு நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நாட்டை ஆண்டவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் சாவே கிடையாது.

அந்த நாடு எனக்கு ஒரு சூப் பானைக்குப் பக்கத்தில் கிடைத்தது. எங்கள் சூப் சமையல்காரர் உள்ளூர் மலைக்கிராமத்து மனிதர். ஒருநாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "உங்கள் நாட்டு ஜனாதிபதி யார்?" என்று அவரிடம் கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். ஒரு பெயரைச் சொன்னார். பிறகு, "இல்லை, அவர் போன வருடம்" என்றார். ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்களாம். தலைமை ஆண்டுக்கு ஒருவராய்ச் சுற்றி வருமாம். இது யாருடைய முறை என்று தனக்கு ஞாபகம் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டு உப்புப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கரட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மதிலுக்கு மதில் தலைவரின் படம் ஒட்டிய நாட்டிலிருந்து வந்தவன் நான். ஆள்கிறவர் யாரென்று தெரியாமல் ஒரு மனிதன் நிம்மதியாகச் சூப் வைக்கிறானே! இந்த ஏழு பேரும் சாகாதவர்களாகவும் இருந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது.

ஹோட்டல் குசினியில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேலை நிற்கும். மறுபடி ஐந்து மணிக்கு வந்தால் போதும். இந்த இடைவேளைக்குச் சிம்மர்ஸ்டுண்டே என்று பெயர். எல்லோரும் மேல்மாடி அறைகளில் அடித்துப்போட்டது போல் தூங்குவார்கள். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. கட்டிலில் படுத்தபடி நாட்டை ஆண்டேன்.

சாகாதவர்களுக்கு ஏன் சுழற்சி வேண்டும்? சாகாத ஒருவன் ஒருமுறை அரசனாகிவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் காலமெல்லாம் வாய்ப்பில்லை. அதனால் ஆண்டு முடிந்ததும் கிரீடம் கை மாறியே ஆகவேண்டும். அவர்களுக்கு வாரிசு கிடையாது, அவசரமும் கிடையாது. ஒரு சட்டம் சொன்னால் நூறு வருடம் அதைச் சும்மா வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் செத்துப்போயிருந்தால், தேவையில்லாத சட்டம் என்று விட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டு விவகாரத்தில்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. சாகாதவர்கள் போர் செய்வார்களா? எதற்குச் செய்யவேண்டும்? பகை அரசன் படையோடு வந்து நின்றால் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். அவனுக்கு வயதாகிவிடும். ஒப்பந்தம் பேச வருகிற தூதனிடம், "உன் பாட்டனார் எங்களிடம் இதைவிட நன்றாகப் பேசினார்" என்பார்கள். வந்தவன் பாதி செத்துவிடுவான். எந்தக் கோரிக்கை வந்தாலும் அவர்களிடம் ஒரே பதில்தான் இருக்கும்: "ஆலோசிக்கிறோம், பொறுத்திருங்கள்."

இந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஆட்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எல்லோருடைய அகதிக் கேசும் தலைநகர் பேர்ணில்தான் முடிவில்லாமல் கிடந்தது.

அந்த நாட்களில் தமிழ்க் குடும்பங்கள் சில லாங்கன்தால் என்ற சின்ன நகரத்தில் இருந்தன. மற்றவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். நவம்பரில், ஹோட்டல்கள் மூடியிருக்கிற காலத்தில், அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுவது என்று முடிவானது. சாப்பாடும் ஒரு நாடகமும். நாடகம் என் பொறுப்பு. நான் தரையில் நடக்கவில்லை.

எங்கள் ஹோட்டலில் சட்டி கழுவியவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை. நாற்பது வயதிருக்கும், கத்தோலிக்கர், ஊரில் கூத்துகளில் ராசா வேசம் கட்டிப் பேர் எடுத்தவர். சட்டிகளுக்கு நடுவிலும் நிமிர்ந்துதான் நிற்பார். நாடகம் என்று கேள்விப்பட்டதும் ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"தம்பி, ராசா நான்தானே?"

"அண்ணை, இதிலை ராசா இல்லை. ஏழு பேர். முறைவச்சு ஆளுவினம்."

"ராசா இல்லாத நாடகமோ? பகிடி விடுறீரோ?"

"முறைக்கு வாறவர் ஒருத்தர் இருக்கிறார். ஆனா அவருக்கு வரவு இல்லை. சும்மா இருப்பார். அவ்வளவுதான்."

வரவு என்பது கூத்தில் ராசா மேடைக்கு வருகிற கட்டம். பாட்டும் ஆட்டமுமாய் மேடையைச் சுற்றி வந்து, தான் யாரென்று சபைக்குச் சொல்லுவார். அதைக் காணத்தான் சனம் வரும். என் சாகாதவர்களோ ஆயிரம் வருடமாய் அங்கேயே இருக்கிறவர்கள். அவர்கள் எங்கிருந்து வருவது? இதை அவருக்கு விளக்கினேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அங்கை நான் வந்தா ஊரே எழும்பி நிக்கும். இஞ்சை சட்டி கழுவுறன். அதைப்பற்றி ஒண்டுமில்லை. ஒருக்கா, ஒரே ஒருக்கா ராசாவாய் வரவேணும் தம்பி. அதுக்குப் பிறகு எவ்வளவு சட்டியும் கழுவுவன்."

நான் மசியவில்லை. அவ்வளவு அழகாய்க் கட்டிய ஆட்சியை ஒரு ஆட்டத்துக்காக உடைப்பதா? தூதன் வேசத்தைக் கொடுத்தேன். தண்ணீர் கேட்டு வருகிற தூதன். ஆறு உற்பத்தியாகிற மலை சாகாதவர்களுடையது, அவர்கள் அதை மறித்து வைத்திருக்கிறார்கள். தூதன் கேட்டு, காத்திருந்து, செத்துப்போக, அவன் மகன் வருவான், பிறகு பேரன் வருவான். மூன்று பேரும் அண்ணைதான். தூதன் வேசம் சின்னப் பெடியளுக்குக் கொடுக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, மேடை ஏறினால் காணும், அதுவே போதும் என்று சம்மதித்தார். ஒரு வாரம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஏழு சாகாதவர்களுக்கும் பக்கத்து ஹோட்டல்களில் வேலை செய்த பெடியளைப் பிடித்தேன். "ஒத்திகை வேண்டாம், கண்ணை மூடாமல் அசையாமல் இருந்தாக் காணும்" என்றேன். கதிரைகளுக்கு ஹோட்டல் மேசைவிரிப்பு போர்த்தினோம். குசினி அலுமினியத் தாளில் கிரீடங்கள் செய்தோம், முகங்களுக்கு மாவு பூசினோம். எல்லாம் திறம். ஒன்றை மட்டும் நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. நாடகம் பிற்பகல் மூன்று மணிக்கு. மேடையில் இருக்கப்போகிற அத்தனை பேரும் வருடக்கணக்காய் அந்த நேரத்தில் கட்டையைச் சாய்த்துப் பழகியவர்கள். போதாக்குறைக்கு மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வேறு. மண்டபத்துக்குச் சூடும் நன்றாய்ப் போட்டிருந்தார்கள்.

அண்ணை தூதனாய் வந்து பாடத் தொடங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குரல்! சட்டிகளுக்குள் இவ்வளவு காலம் அடைந்து கிடந்த குரல் மண்டபத்தின் கடைசிக் கதிரை வரை போய் அடித்தது. பாடி முடித்து, "எங்கட வயலுக்குத் தண்ணி வேணும், பிரபுக்களே" என்று கைகூப்பி நின்றார். நடுவில் இருந்த சாகாதவர் "ஆலோசிக்கிறோம், பொறுத்திருங்கள்" என்ற தன் ஒரே வசனத்தைச் சொல்லவேண்டிய இடம்.

சொல்லவில்லை. நித்திரை.

பக்கத்தில் பார்த்தேன். அவரும் நித்திரை. ஏழு பேரும்! ஒருவர் மெல்லக் குறட்டையும் விட்டார். நான் ஓரத்தில் நின்று "சொல்லும், சொல்லும்" என்று பல்லைக் கடித்தேன். அண்ணை சமாளித்து உள்ளே போய் மகனாய் வந்தார். பேசாமை. பேரனாய் வந்தார். அதே பேசாமை. சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. மறைக்கத் திரை கூடக் கிடையாது. எனக்கு மேடைக்கு அடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நேரே கதிரைகளிடம் போய் நடுவில் இருந்த சாகாதவரின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். அசைவில்லை. மிகக் கவனமாக அந்தப் பெடியனின் தலையிலிருந்து கிரீடத்தை எடுத்தார். ஆளை அலுங்காமல் பக்கத்தவர் தோளில் சாய்த்தார். கிரீடத்தோடு உள்ளே போனார்.

வந்தாரே ஒரு வரவு! தாளத்துக்கு யாரோ மேசையில் தட்ட, மேடை அதிர ஆடிச் சுற்றினார். அந்தக் கணத்திலேயே பாட்டுக் கட்டி, தான் மலையும் ஆறும் ஆளவந்த ராசா என்று சபைக்குச் சொன்னார். சனம் எழும்பி நின்றது. அந்தச் சத்தத்தில் சாகாதவர்கள் துடித்து எழும்பி, என்ன ஏதென்று தெரியாமல் அவர்களும் கைதட்டினார்கள். என் ஆட்சி கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை காலியாய்க் கிடந்த நடுக் கதிரையில் அமர்ந்து கையைத் தூக்கினார். "தண்ணி திறந்தாச்சு!"

அதோடு நாடகம் முடிந்திருக்கவேண்டும். பின்னாலிருந்து ஒருவர் எழும்பிக் கத்தினார்: "ராசா! எங்கட கேசையும் ஒருக்காப் பாருங்கோ!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அண்ணை சிரிக்கவில்லை. "முன்னுக்கு வாரும். என்ன கேஸ்?"

"ரெண்டு வருசமாய்ப் பேர்ணிலை கிடக்குது, ராசா. இருக்க விடுவினமோ, திருப்பி அனுப்புவினமோ தெரியாது."

"ஓம். இருக்கலாம். போம்."

அந்த மனிதர் சிரித்துக்கொண்டு வந்தவர், திரும்பிப் போகையில் கண்ணைத் துடைத்தார். அடுத்து இன்னொருவர் போனார். பிறகு கையில் பிள்ளையோடு ஒரு பெண். "இவளின்ரை அப்பா கொழும்பிலை நிக்கிறார். வர விடுகினமில்லை."

"ஓம். வரச்சொல்லும்."

எவரும் சொல்லாமலே வரிசை ஒன்று உண்டாகிவிட்டது. சிரித்தபடி, ஒருவரை ஒருவர் இடித்தபடி நின்றார்கள். ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. சாகாதவர்கள் ஏழு பேரும் மாவு பூசிய முகத்தோடு இறங்கி வந்து கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் கேஸ் இருந்தது. அண்ணை ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, கேட்டு, ஓம் என்றார். யாரையும் அவர் பொறுத்திருக்கச் சொல்லவில்லை.

நானும் போய் நின்றேன். என் முறை வந்தது. "ஆசிரியருக்கு என்ன வேணும்?" என்றார். கெட்டித்தனமாய் ஒன்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

"அம்மாவை ஒருக்காப் பாக்கவேணும்" என்றேன்.

அவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார். "ஓம் தம்பி," என்றார், "பாப்பீர்." எனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள். நான் விலகி இடம் விட்டேன்.