மூன்றாவது வெள்ளையடிப்பு

காஜா பெராங் தெருவில் சைக்கிள் சங்கிலி கழன்று நிற்கிறேன். எதிரே சினிமாக் கொட்டகை. அதன் சுவரில் பத்தடி உயரத்துக்கு வரைந்திருக்கும் பிரெஞ்சு நடிகனின் முகத்தின் மேல் பெயிண்டர் ஒருவர் சுண்ணாம்பு அடிக்கிறார். பக்கத்தில் காவலுக்கு ஒரு ஜப்பானியச் சிப்பாய். ஊரையே பிடித்துவிட்டவர்களுக்குச் சுவரில் இருக்கும் வெள்ளைக்கார முகத்தைக் கண்டால் ஆகவில்லை.

“இவரு படமெல்லாம் பார்த்திருக்கீங்களாண்ணே?”

“எல்லாத்துக்கும் நான்தான் போர்டு வரைஞ்சேன். ஒண்ணுல திருடன், ஒண்ணுல கப்பல்காரன், ஒண்ணுல பட்டாளத்த விட்டு ஓடினவன். எல்லாத்துலயும் கடைசியில சுட்டுக் கொன்னுடுவாங்க. அடுத்த படத்துல வந்து நிப்பான்.” பிரஷ்ஷை வாளியில் முக்குகிறார். “இந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கிறது இது மூணாவது தடவ.”

“சுண்ணாம்பு ஏன் நிக்க மாட்டேங்குது?”

“மரவள்ளி மாவக் காய்ச்சிக் கலந்தாத்தான் மழைக்கு நிக்கும். சப்பான்காரன் மாவு கொடுக்குறான். அத எம் புள்ளைங்க திங்குதுங்க.”

சிப்பாய் சுவரை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறான். நான் சங்கிலியை மாட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. பெயிண்டர் ஒதுங்கவில்லை. நனைந்தபடி சுவரையே பார்த்து நிற்கிறார்.

முதலில் கண்கள் வருகின்றன.