வீடு பூட்டியிருந்த சாயங்காலம்

மகள் பிறந்ததும் வேலையை விட்ட நான், ஐந்தாண்டு கழித்து தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேர்ந்தேன். பள்ளி வேனில் வரும் அவளை, அடையாறில் எங்கள் பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் அக்காவின் கணவர் மயங்கி விழ, ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் என்னைப் பலமுறை அழைத்திருக்கிறார். கடையில் எங்கள் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். அக்கா வீடு பூட்டியிருக்கவே, மகள் என்னைத் தேடி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். தெரிந்த ஆட்டோக்காரர் கடைக்கே அழைத்து வந்தார்.

"பஸ்ஸுக்கு முன்னாடி போய்க்கினு இருந்துச்சும்மா."

போனை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். "உனக்கு மட்டும் தனி ரூல்ஸா?" என்றார் சூப்பர்வைசர். "நீ சம்பாதிச்சுக் கிழிச்சது போதும்" என்றார் கணவர். வேலையை விட்டேன். இன்னொன்று தேடத் தெம்பில்லை.

இப்போது வேன் வந்ததும், எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளையும் என் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். அவர்களாவது வேலையில் நிலைக்கட்டும்.