கையில் வந்த சம்பளம்

முடிச்சூரில் தபீதாளின் இட்லி மாவு போகாத தெரு கிடையாது. பாக்கெட் நாற்பது ரூபாய். பேரமும் இல்லை, கடனும் இல்லை. "நேத்து வாங்கினது புளிச்சிடுச்சுக்கா" என்று யாராவது வந்து நின்றால், "அத உன் ஃபிரிட்ஜாண்ட போயி கேளு" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். அரிசி என்ன விலை, உளுந்து என்ன விலை, கரண்டுக்கு எவ்வளவு போகிறது, கவருக்கு எவ்வளவு போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லக்கூடியவள். அப்பேர்ப்பட்டவள்தான் பெற்ற மகளின் சம்பளக் கணக்கில் கோட்டை விட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் அதுவரை யாரும் சம்பளச் சீட்டு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தது கிடையாது. கணவர் சாலமோனுக்குக் குரோம்பேட்டையில் லேத்துப் பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி கையில் வைப்பதுதான் சம்பளம். அதை அப்படியே கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்துவிடுவார். பேசிய சம்பளம் ஒன்று, கைக்கு வருவது இன்னொன்று என்று உலகத்தில் ஒரு ஏற்பாடு இருப்பதே இருவருக்கும் தெரியாது.

ஒரே மகள் எப்சி. பூமிக்கடியில் இருக்கும் பாறைகளைப் பற்றிப் படித்தாள். "பொம்பளப் புள்ளைக்குக் கல்லுல இன்னா படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோதெல்லாம், "உங்க புள்ளைங்க கம்ப்யூட்டர்ல தட்டுது, எம் பொண்ணு சுத்தியால தட்டுறா. இன்னா இப்போ?" என்று தபீதாள் வாயை அடைத்தாள். அந்தப் படிப்புக்குத்தான் அருணாச்சலப் பிரதேசத்தில் வேலை கிடைத்தது. அணைக்கட்டுக்காக மலைக்குள் சுரங்கம் குடைகிறார்கள். எந்தப் பாறை தாங்கும், எது சரியும் என்று எப்சி பார்த்துச் சொல்ல வேண்டும். வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம்.

பன்னிரண்டைப் பன்னிரண்டால் வகுக்கப் பெரிய படிப்பா வேண்டும்? மாதம் ஒரு லட்சம்! அன்றைக்குத் தபீதாள் மாவில் உப்புப் போடவே மறந்துவிட்டாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் வேலைக்குப் போனால் முதல் மாதச் சம்பளம் முழுவதும் கோயிலுக்கு. முதற்பலன் என்பார்கள். அதில் பத்து ரூபாய்கூடக் கிள்ளி எடுக்கக் கூடாது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் தபீதாள் எழுந்து மைக்கை வாங்கினாள். "எம் பொண்ணு எப்சியோட முதல் சம்பளம் ஒரு லட்சம் ரூபா. அது நம்ம கோயில் வாசப்படிக்கு" என்றாள். 2015 வெள்ளத்தில் பெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய கோயில் அது. வாசலை உயர்த்திக் கட்டி, வயதானவர்கள் ஏறிவரச் சரிவுப் பாதை போட வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் எட்டு வருடமாகப் பேசிப் பேசியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"லட்சம் சரிக்கா. கையில எவ்ளோ வரும்?" என்று கேட்டாள் ஜோசலின். அவள் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்.

"லட்சம்னா லட்சம்தான் வரும். உனக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?"

ஜோசலின் முகம் சுருங்கிவிட்டது. கமிட்டிச் செயலாளர் டெனிஸ் சார் அந்த வாரமே கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

எப்சி ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தாள். விமானம், அப்புறம் ரயில், அதற்கும் மேலே ஒரு பகல் முழுக்க ஜீப். கேம்ப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்குமாம். மலை சரிந்தால் லாரி வராது, லாரி வராவிட்டால் கடையில் முட்டை விலை இரண்டு மடங்காகிவிடும். இதையெல்லாம் எப்சி சிரித்துக்கொண்டே சொல்ல, இங்கே தபீதாள் மாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னாள்.

மாதக் கடைசியில் எப்சியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, சம்பளம் வந்துடுச்சு. அப்படியே உன் அக்கவுண்டுக்குப் போட்டுட்டேன். அறுபத்தாறாயிரத்து ஐநூறு."

"சரி, மீதி எப்போ வரும்?"

"மீதியா? அவ்ளோதாம்மா."

தபீதாளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அடப்பாவிங்களா! எம் பொண்ண அந்தக் கோடிக்கு இட்டுனு போயி ஏமாத்துறானுங்களா? அந்த மேனேஜர் நம்பரக் குடு. தமிழ் தெரியலன்னா இன்னா, திட்டுனா எல்லா பாஷைக்காரனுக்கும் புரியும்!"

"அய்யோ அம்மா, கத்தாத. நீ ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட் விக்கிற?"

"அறுபது."

"அறுபது நாப்பது ரெண்டாயிரத்து நானூறு. அத்தனையும் உன் சம்பளமா?"

"லூசாடி நீ? அரிசியும் உளுந்தும் சும்மாவா வருது? கரண்டு பில்லு யாரு கட்டுவா? கவரு…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

எப்சி நிதானமாக விளக்கினாள். "லட்சம்ங்கிறது எனக்காகக் கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவும்மா. அதுல பதினாறாயிரம் மாசாமாசம் என் கைக்கே வராது. அவங்க கட்டுற பி.எஃப்., இன்ஷூரன்ஸ், வருஷக்கணக்கா இருந்தா கிடைக்கிற கிராஜுவிட்டி. அப்புறம் ரெண்டு வருஷம் முழுசா இந்த மலையில தாக்குப் பிடிச்சாதான் தருவோம்னு பிடிச்சு வெச்சிருக்கிற காசு. மிச்சம் எண்பத்து நாலாயிரம். அதுல என் பங்கு பி.எஃப். நாலாயிரத்து எண்ணூறு. இங்க ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்பதாயிரத்து இருநூறு. இன்கம் டாக்ஸ் மூவாயிரத்து ஐநூறு. போயிடுச்சா?"

"டாக்ஸா? நீயா கட்டுற?"

"பின்ன?"

தபீதாள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "இன்னாங்க, கேட்டீங்களா! உங்க பொண்ணு கவருமெண்டுக்கு டாக்ஸ் கட்றாளாம்!" என்று கத்தினாள். சாலமோன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தார். "நம்ம குடும்பத்துல டாக்ஸ் கட்டுற மொத ஆளு இவதான் தபீ" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை. மூவாயிரத்து ஐநூறு போனதற்கு அந்த வீட்டில் அன்று கிட்டத்தட்டத் திருவிழா!

"பூட்ஸும் மழைக்கோட்டும் வாங்கணும்னு சொன்னியே. அதுலயிருந்து கொஞ்சம் வெச்சுக்கக் கூடாதாடி?" என்று தபீதாள் மறுபடியும் போனில் கேட்டாள்.

"முதற்பலன்ல பத்து ரூபாகூடக் கிள்ளக் கூடாதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா? பழைய பூட்ஸே அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும். வெச்சிடறேம்மா, மழை வருது."

போனை வைத்த பிறகுதான் கோயில் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. லட்சம் என்று மைக் பிடித்துச் சொன்னவள் அவள். கொத்தனாருக்குப் பணம் போய்விட்டது. முப்பத்து மூவாயிரத்து ஐநூறு துண்டு விழுகிறது.

"டெனிஸ் சார்கிட்ட போயி உள்ளதச் சொல்லிடு. யாரு இன்னா சொல்லப் போறா?" என்றார் சாலமோன்.

"ஜோசலின் சொல்லுவா!"

சனிக்கிழமை காலையில் தபீதாள் போஸ்ட் ஆபீசுக்குப் போனாள். பழைய கிரைண்டர் திணறுகிறது, சாய்த்துக் கொட்டுகிற மாதிரி பெரியதாக ஒன்று வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் அங்கே இருந்தது. அதில் முப்பத்து மூவாயிரத்து ஐநூறு எடுத்தாள். மகள் அனுப்பியதோடு சேர்த்துக் கவரில் போட்டு, மேலே எப்சி பெயரையும் ஒரு லட்சம் என்பதையும் எழுதி ஒட்டினாள். சாலமோன் கவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஆராதனையில் டெனிஸ் சார் காணிக்கைகளை வாசிக்க எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஒரு பெயரை வாசித்தால் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கும்.

"செல்வி எப்சி சாலமோன். முதற்பலன் காணிக்கை. ரூபாய் ஒரு லட்சம்!"

சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்றது. இரண்டு பெஞ்சு முன்னால் ஜோசலின் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரு மாதமாகத் தபீதாள் கனவு கண்டுகொண்டிருந்த நிமிடம் இதுதான். ஆனால் துளிக்கூட இனிக்கவில்லை. தண்ணீர் ஒழுகுகிற சுரங்கத்துக்குள் பழைய பூட்ஸோடு நின்று, பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்து எம் பொண்ணு சம்பாதித்தது அறுபத்தாறாயிரத்து ஐநூறு. அதை ஒளித்துவைக்க அது என்ன திருட்டுக் காசா? மீதியாவது திருட்டுக் காசா? இரண்டு வருடம் தோள்பட்டை விட்டுப்போக மாவு தூக்கிய காசு. இரண்டு நல்ல காசையும் ஒரு பொய்க்குள் போட்டு ஒட்டிவிட்டோமே என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், அது தப்பு."

டெனிஸ் சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கவர்ல அப்படித்தாம்மா எழுதியிருக்கு."

"தப்பா எழுதினது நான்தான் சார். எம் பொண்ணுக்கு லட்சம்னு பேசினாங்க. கையில வந்தது அறுபத்தாறாயிரத்து ஐநூறு. வித்த காசெல்லாம் லாபமான்னு மாவு விக்கிற எனக்கே தோணல பாருங்க." பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். "கையில எவ்ளோ வரும்னு ஜோசலின் அன்னிக்கே நியாயமாத்தான் கேட்டா. நான்தான் எடுத்தெறிஞ்சு பேசிட்டேன். பி.எஃப். போவுது, சாப்பாட்டுக்குப் போவுது. எம் பொண்ணு கவருமெண்டுக்கு டாக்ஸ் கட்றா சார்! அதெல்லாம் போக வந்ததுல ஒரு பைசா தொடாம அனுப்பியிருக்கா. அத அப்படியே படிங்க. லட்சம்னு படிச்சு அவ கஷ்டத்த மறைக்க வேணாம்."

டெனிஸ் சார் கவருக்குள் பார்த்தார். "இதுல லட்சம் இருக்கேம்மா. மீதி முப்பத்து மூவாயிரத்து ஐநூறு யாரோடது?"

"என்னுது. மாவு அரைச்ச காசு."

"அப்ப அத உங்க பேர்ல போட்டுடறேன். ஸ்தோத்திரக் காணிக்கைன்னு எழுதிக்கவா?"

தபீதாள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"இல்ல சார். அதுவும் முதற்பலன்தான். பத்தொன்பது வருஷமா மாவு அரைக்கிறேன். இவர் சம்பளம் குடுத்திருக்கோம், எம் பொண்ணு சம்பளம் குடுத்தாச்சு. என் சம்பளம்னு நான் இந்தக் கோயிலுக்கு இதுவரைக்கும் குடுத்ததே இல்ல."

டெனிஸ் சார் பேனாவை எடுத்து எழுதினார். முதலில் எப்சியின் பெயரையும் அறுபத்தாறாயிரத்து ஐநூறையும் வாசித்தார். அப்புறம், அதே கணீர்க் குரலில் வாசித்தார்.

"திருமதி தபீதாள் சாலமோன். முதற்பலன் காணிக்கை. ரூபாய் முப்பத்து மூவாயிரத்து ஐநூறு."

"ஸ்தோத்திரம்" என்று முதலில் சத்தமாகச் சொன்னவள் ஜோசலின். ஆண்கள் பக்கத்தில் சாலமோன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.