புலாகிதாஸ் வீட்டுச் சுவர்

ஜெய்சால்மர் கோட்டைக்குள் ஜேட்மல் வியாஸ் தன் வீட்டுக்குப் போக வேண்டுமானால் புலாகிதாஸ் புரோகித்தின் வீட்டுச் சுவரைக் கடந்துதான் போக வேண்டும். வேறு வழியும் இருக்கிறது. சமணக் கோயிலைச் சுற்றிக்கொண்டு, சாக்கடையோரமாக, மாடுகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். கார்த்திகையிலிருந்து அவர் அந்த வழியாகத்தான் போய்வருகிறார். முழங்காலுக்கு நடை நல்லது என்று டாக்டர் சொன்னதாகக் கேட்பவர்களிடம் சொல்கிறார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

ஜேட்மலுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருடமாகக் கைடு. காலையில் மனைவி சாயர் தேய்த்து வைத்த வெள்ளைக் குர்தா, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடித்த கறுப்புக் குடை. மழைக்கல்ல. கூட்டம் அவரைத் தவறவிடாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பார். எந்த ராஜா எந்த வாசலை எந்த வருடம் கட்டினான் என்பதெல்லாம் விரல் நுனியில். ஆனால் மூன்றாவது ராஜா வருவதற்குள் யாராவது கொட்டாவி விடுவார்கள். யாராவது தண்ணீர் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருடம் அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சுவர் அவருக்குக் கிடைத்தது.

கோட்டைக்குள் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாசற்சுவரில் பிள்ளையார் வரைவார்கள். பக்கத்தில் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், தேதி, கடைசியில் எல்லோரும் வாருங்கள் என்று ஒரு வரி. பத்திரிகை கிடைக்காதவனுக்கும் அந்தச் சுவர்தான் பத்திரிகை. கல்யாணம் முடிந்தால் அதை அழிப்பதில்லை. வெயிலும் மணலும் அரித்ததுபோக மிச்சம் அப்படியே இருக்கும். அதே வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போதுதான் மேலே சுண்ணாம்பு ஏறும். புலாகிதாஸ் வீட்டுச் சுவரில் ஆறு வருடத்துக்கு முந்தைய வசந்த பஞ்சமி இருந்தது. மகள் சரோஜின் பெயரும், பலோடியைச் சேர்ந்த லலித் என்கிற பையனின் பெயரும் இருந்தன. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பது ஜேட்மலுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் பலோடியிலிருந்து போன் வந்தது: பெண் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட வேண்டும். சரோஜ் கணக்கு டீச்சர். மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். புலாகிதாஸ் ஒரு பொழுது முழுக்க அழுதார், அப்புறம் மகள் பக்கம் சாய்ந்தார். அதைச் சொல்ல பலோடிக்கு பஸ்ஸில் போனபோது கூடப் போனது ஜேட்மல்தான். அங்கே கட்டில்களில் உட்கார்ந்திருந்த பதினோரு ஆண்களுக்கு முன்னால் புலாகிதாஸுக்கு நா எழவில்லை. ஜேட்மல்தான் எழுந்து நின்று, "எங்க பொண்ணு வேலைய விடாது. நீங்க வேற இடம் பாத்துக்குங்க" என்றார். திரும்பி வரும்போது பொக்ரான் வரும்வரை புலாகிதாஸ் அவர் கையை விடவே இல்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் இதையும் செய்தார்.

தொடக்கம் சின்னது. ஒரு வெளிநாட்டுப் பெண்மணி சுவரைப் படமெடுத்துவிட்டு, இந்த இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். கல்யாணம் நின்றுவிட்டது என்றார் ஜேட்மல். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஒன்பது பேர் கொண்ட கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றது. எந்த ராஜாவுக்கும் அவர் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. அடுத்த வாரம், மணப்பெண் சிவப்புப் புடவையில் விடியும்வரை மொட்டைமாடியில் நின்றதாகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த சீசனில், மாலையானால் அவள் மேலே இருக்கிற ஜன்னலுக்கு வருகிறாள் என்று ஆயிற்று. அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். கூட்டமும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, கல்லில் பூவேலை செய்த அந்த ஜன்னலை அண்ணாந்து பார்க்கும். மாட்டேன் என்று சொன்ன பெண்ணை, வேண்டாம் என்று சொல்லப்பட்ட பெண்ணாக்க அவருக்கு இரண்டு சீசன் போதுமாயிருந்தது.

புலாகிதாஸ் பகல் முழுவதும் கீழே கடைவீதியில் தன் நூல்கடையில் இருப்பார். சரோஜ் பள்ளிக்கூடத்தில். பயம் என்று எதுவும் இல்லை.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, கோட்டை வாசலில் இரண்டு பேர் அவரை அமர்த்திக்கொண்டார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், அவளைவிடப் பெரியவரான அவள் கணவரின் அண்ணன். அவர் தலையில் புதுத் தொப்பி, கழுத்தில் கேமரா. நாக்பூரிலிருந்து வருகிறார்களாம். பேச்சில் மார்வாடி வாடையே இல்லை.

"மூணு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும். அதுவரைக்கும் ஊரைக் காட்டுங்க" என்றாள் அம்மாள்.

காட்டினார். அரண்மனை, பீரங்கி மேடை, கோயில். பெரியவர் பீரங்கியின் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார். இரண்டரை மணிக்குச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். வெயில் சாய்ந்து எழுத்தெல்லாம் எடுப்பாகத் தெரிகிற நேரம் அதுதான்.

வழக்கமான கதை வழக்கமான குரலில் வந்தது. ஹிந்தியில் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாக வரும்: வருடா வருடம் வசந்த பஞ்சமிக்கு அவள் அந்த ஜன்னலில் விளக்கேற்றி வைப்பாள்.

அம்மாளின் முகம் சுண்டிப்போனது. கதை பலிக்கிறது என்று ஜேட்மல் நினைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைதான் வரலையா?" என்றாள்.

"வரவே இல்லம்மா. என்ன காரணம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "பொண்ணு இப்ப எப்படி இருக்கு? தெளிவாத்தான இருக்கு?"

ஜேட்மல் ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் தன் நெற்றியோரத்தை லேசாகத் தட்டி, உதட்டைப் பிதுக்கினார். அதுவரை அந்தக் கதையில் அப்படி ஒரு சைகை இருந்ததில்லை. அன்றைக்குத்தான் புதிதாக வந்தது. நன்றாக வந்தது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கதவு திறந்தது. கஞ்சி போட்ட புதுத் தலைப்பாகையில் புலாகிதாஸ் நின்றார், இரண்டு கையும் கூப்பியபடி.

"வாங்க, வாங்க. நாக்பூர்லேர்ந்துதானே? வெளியில பேச்சுக்குரல் கேட்டுச்சு, நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன். சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு." பிறகுதான் அவரைப் பார்த்தார். "அட, ஜேட்மல். நீதான் கூட்டிட்டு வந்தியா? பாருடா, சம்பந்தம் பேசி முடியற வரைக்கும் கண்ணு படக்கூடாதுன்னு உங்கிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தேன். சாமியே உன்னைக் கொண்டுவந்து விட்டுட்டாரு. உள்ள வா."

"எனக்கு வேலை இருக்கு, அண்ணே."

"என்ன பெரிய வேலை. பீரங்கி ஓடியா போயிடும்? வா உள்ள."

உள்ளே தரையில் வெள்ளை விரிப்பு. நெய்யில் செய்த கோட்டுவா லட்டு தட்டுத் தட்டாக இருந்தது. புலாகிதாஸ் ஜேட்மலின் தோளில் கை போட்டு, "இவன் எனக்குத் தம்பி மாதிரி. எங்க வீட்டு விஷயம் எங்களைவிட இவனுக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

"தெரியுது" என்றாள் அம்மாள்.

சரோஜ் டீ கொண்டுவந்து வைத்தாள். முப்பதை நெருங்குகிற வயது. முக்காட்டை நெற்றிக்கு மேலேயே நிறுத்தியிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். டீயை யாரும் எடுக்கவில்லை.

"நாங்க ஒளிச்சுப் பேசுற ஆளுங்க இல்லை" என்றாள் அம்மாள் புலாகிதாஸிடம். "பழைய கல்யாணம் பொண்ணு சொல்லித்தான் நின்னுதுன்னு தரகர் சொன்னாரு. எம்புள்ள, அப்படின்னா பொண்ணு தைரியசாலின்னு சந்தோஷப்பட்டான். ஆனா இவரு வாசல்ல வேற கதை சொன்னாரு. எது நெசம்னு இவரையே கேளுங்க."

புலாகிதாஸ் சிரித்தபடி ஜேட்மலைப் பார்த்தார். என்னவோ வேடிக்கை என்றுதான் நினைத்திருப்பார். "என்ன சொன்ன?"

ஜேட்மல் டீக் கோப்பையில் படர்ந்துகொண்டிருந்த ஆடையைப் பார்த்தார். இவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லலாம். அது வேறு வீட்டுச் சுவர், வேறு பெண் என்றுகூடச் சொல்லலாம். இருபத்தெட்டு வருடமாகப் பேசியே பிழைத்தவருக்கு நான்கு வழி தெரிந்தது. நான்கில் எதை எடுத்தாலும் இவர்கள் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்ற சந்தேகத்தோடுதான் படியிறங்குவார்கள்.

"பொய் சொன்னேன்" என்றார். "இந்தப் பொண்ணுதான் வேண்டாம்னு சொல்லிச்சு. அதைச் சொல்ல பலோடிக்குப் போனது நான்தான். ஜன்னல் கதை, விளக்குக் கதை எல்லாம் நானாக் கட்டினது. வர்றவங்க காது கொடுத்துக் கேக்கட்டும்னு."

"அப்ப இது?" பெரியவர் இரண்டு விரலால் தன் நெற்றியோரத்தைத் தட்டிக் காட்டினார்.

புலாகிதாஸுக்கு அந்தச் சைகை புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் ஜேட்மலின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கோபமாக அல்ல. தப்பான இடத்தில் வைத்துவிட்டது போல எடுத்தார்.

"அதுவும் பொய்தான்" என்றார் ஜேட்மல். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார்.

அடுத்துப் பேசியது சரோஜ்தான்.

"லீவு நாள்ல நான் மேலதான இருக்கேன், சித்தப்பா. எல்லாம் கேக்கும். இங்கிலீஷ்ல நான் மாடியில விடிய விடிய நிப்பேன். ஹிந்தியில விளக்கேத்துவேன். குஜராத்திக்காரங்க வந்தா என்னை என்ன பண்ணுவீங்க?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தார். சரோஜ் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?" என்றாள் அம்மாள்.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னுதான். அவருக்கு இந்தத் தெருவுல இருக்கறது இவர் ஒருத்தர்தான்."

இதைக் கேட்ட பிறகு ஜேட்மல் எழுந்தார். புலாகிதாஸ் அவர் குர்தாவைப் பிடித்து உட்கார வைத்தார். தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு. விருந்தாளிங்க வந்திருக்கறப்ப என் வீட்டுல யாரும் தட்டுல மிச்சம் வச்சுட்டுப் போனதில்ல."

அவர் சாப்பிட்டார். ஐந்து பேர் இருந்த அறையில் ஒருவர் மட்டும் மெல்லுகிற சத்தம் கேட்டது. நெய் உள்ளங்கையில் வழிந்தது. துடைத்துக்கொள்ள எதுவும் கேட்கத் தோன்றாமல், கையை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

சாயருக்கு அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் கேள்விப்பட்டு வந்தாள். சுட்ட கம்பு ரொட்டியை அவர் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கும் ஏதாவது கதை வச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, குழாயடியில பதில் சொல்ல வசதியா இருக்கும்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இருபது நாள் கழித்து நாக்பூரிலிருந்து சம்மதம் வந்தது. தை முடிவதற்குள் சுவரில் சுண்ணாம்பு ஏறப்போகிறது என்று தெருவே பேசியது. ஜேட்மல் ஒரு காலை, சுண்ணாம்பு கரைத்த வாளியும் மட்டையுமாகப் போய் நின்றார். புலாகிதாஸ் வாசலிலேயே இருந்தார்.

"நான் அடிக்கிறேன், அண்ணே."

"ஆள் சொல்லியிருக்கேன்."

"ஒரு கை மட்டும்..."

"ஜேட்மல்," புலாகிதாஸ் குரலை உயர்த்தவில்லை, "இந்தச் சுவரை நீ தொடாத."

அவர் வாளியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். எதிரே மாடு வந்தது. படியேறி நிற்க வேண்டியிருந்தது. ஏறி நின்றது அதே வீட்டுப் படியில்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மஞ்சள் அரிசி வைத்து அழைக்கக் கிளம்பினார் புலாகிதாஸ். வாசல் வாசலாகப் போய் நான்கு அரிசியை வைத்து, கைகூப்பி, குடும்பத்தோடு வரச் சொல்வது முறை. சாயர் அன்று விடியற்காலையிலேயே வாசலைக் கழுவி வைத்திருந்தாள். ஏன் என்று ஜேட்மல் கேட்கவில்லை. தெருமுனை வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்தது என்று கூப்பிடு குரல் நெருங்கி வந்தது. பிறகு அதே குரல் எதிர்வரிசையில் கேட்டது. சாயர் கதவருகிலிருந்து உள்ளே வந்தாள்.

"சுவர் எல்லாரையும்தான் கூப்பிடுது. நீங்க வேணும்னா போங்க. அரிசி வராத வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

மறுநாள் லக்னோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சுற்றுவழியில் நடக்க மறுத்துவிட்டது. தண்ணீர் பாட்டிலோடு நடந்த பெண்மணி, இந்தச் சந்துதானே நேராகப் போகிறது என்று கேட்டபடியே உள்ளே நுழைந்துவிட்டாள். ஜேட்மல் குடையைத் தூக்கக்கூட மறந்து பின்னால் ஓடினார்.

வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் புதுப் பிள்ளையார், சிவப்பும் மஞ்சளுமாக. வர்ணம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

"என்ன எழுதியிருக்கு? எழுத்தெல்லாம் சுழி சுழியா இருக்கே" என்றாள் அந்தப் பெண்மணி.

அவர் படித்தார். சரோஜின் பெயர், நாக்பூர்ப் பையனின் பெயர், தேதி. தன் குரல் அந்தப் பழைய தாழ்ந்த குரலுக்கு இறங்குவது பாதியில் தெரிந்தது. நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி உரக்கப் படித்தார். ஜன்னல் வரை கேட்கிற மாதிரி, எழுதியிருந்ததை மட்டும், கடைசி வரி உட்பட.

"எல்லாரும் வரலாமா? நல்லாருக்கே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"பக்கத்து வீடு."

"அப்ப நீங்க போவீங்க."

ஜேட்மல் குடையைத் தூக்கிப் பிடித்தார். "அடுத்தது கோயில். ஒரு மணிக்குச் சாத்திடுவாங்க" என்றார். ஈர வர்ணம் குர்தாவில் படாமல் ஒருக்களித்து, எதிர்ச்சுவரில் முதுகு உரச உரச, மேலே பார்க்காமல் அந்த இடத்தைக் கடந்தார்.