தம்பியைக் கேட்டு வந்தவர்கள்

நாள்தோறும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் வந்தது. அதனால் இந்த ஒரு நாளுக்கு எழுத்தில் சாட்சி இல்லை. வியாழக்கிழமை, கார்த்திகைக் கடைசி, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பு: இவை நிச்சயம். மழை விட்டிருந்ததா, தூறிக்கொண்டிருந்ததா என்பதில் சந்தேகம் உண்டு.

அப்பா கடுக்காய் பொறுக்கக் கல்வராயன் மலைக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. உடன் போன இருவரும் மூன்றாம் நாளே இறங்கி வந்துவிட்டார்கள். மேலே ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்ததாகவும், அக்கரையில் நின்ற அப்பாவை அதன்பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த கஞ்சியை நானும் தம்பியும் குடித்தோம்.

அந்த வியாழக்கிழமை மலையிலிருந்து ஓர் ஆள் வந்தார். எங்கள் வீட்டுக்கு வராமல், தெருமுனையில் மாமாவிடம் ஏதோ சொல்லிவிட்டு அங்கேயே குந்திக்கொண்டார். சற்று நேரத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஐந்து பேருடன் வாசலுக்கு வந்தார்.

“அக்கா, நாங்க மலைக்குப் போறோம். பையன அனுப்பு.”

தம்பிக்கு நாலு வயது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

“அவன் எதுக்குடா?”

“தேடத்தான்.”

“மேலேர்ந்து வந்த ஆளு இன்னா சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலக்கா.”

“ஒண்ணும் இல்லாததச் சொல்லவா அவ்ளோ தூரம் எறங்கி வந்தான்?”

மாமா தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமா மூன்று முறை, “நேரமாவுதுக்கா” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. தம்பியோ ஏரிக்கரை ஏறவே இடுப்பில் தூக்கச் சொல்பவன்.

“அவன் இன்னா தேடுவான் மாமா? பாதி வழியில தூங்கிடுவான். என்னக் கூட்டிக்கினு போங்க” என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த வேப்பமரத்தில் கிடுகிடுவென்று ஏறிக் காட்டினேன்.

“கொரங்கே தோத்துடும் போல” என்றார் வந்தவர்களில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீ வரக் கூடாது பாப்பா. அவன்தான் வரணும்” என்றார் மாமா.

பையன் என்பதால் அவனுக்கு இந்த மரியாதை என்று நினைத்தேன். ஆனால் அவன் இல்லாமல் இவர்கள் கிளம்பப் போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. இவர்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்பா அங்கே குளிரில் நிற்பார். அம்மாவால் எடுக்க முடியாத முடிவை நான் எடுத்தேன்.

பின்பக்கத் தட்டியை விலக்கி உள்ளே போனேன். தம்பியை எழுப்பி முகம் கழுவி, தீபாவளிச் சட்டையை மாட்டினேன். அவனைச் சுற்றுவழியாகத் தூக்கிவந்து மாமாவின் தோளில் ஏற்றினேன்.

“அப்பாவப் பாத்ததும் நல்லா சத்தமாக் கூப்டணும். தூங்கிக்கினு இருந்தாலும் எழுந்துப்பாரு” என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் தலையாட்டினான்.

அம்மா எழுந்திருக்கவில்லை. நிலையைப் பிடித்திருந்த கைகள் மட்டும் கீழே விழுந்தன.

வெள்ளம் ஒதுக்கிய உடலை அந்த ஒற்றையடிப் பாதையில் இறக்க முடியாது, மேலேயே எரிக்க வேண்டும், கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்பது வந்த ஆறு பேருக்கும் தெரியும். அம்மாவும் ஊகித்துவிட்டாள். மகன் அந்தப் படியைத் தாண்டாதவரை அவள் கணவன் சாகவில்லை. தெரியாதவர்கள் இரண்டே பேர், நானும் தம்பியும்.

அவர்கள் ஏரிக்கரையில் திரும்பும்போது, தோளில் இருந்தபடியே தம்பி, “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டு போனான். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தெரு நடுவில் நின்று, “இன்னும் சத்தமாடா!” என்று கத்தினேன்.