வராதவள் தைத்த ஜாக்கெட்

எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. தையல் தெரியும். அதனால் மன்னவனூரில் மூன்று மாதத் தையல் வகுப்புக்கு என்னை டீச்சராகப் போட்டார்கள். முடிக்கும் பெண்களுக்குச் சான்றிதழும் ஒரு தையல் மெஷினும் உண்டு.

வருகைப்பதிவுக்கு ஒரு கைரேகைப் பெட்டி. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். கேரட் கழுவும் தொட்டியில் வருஷக்கணக்காக வேலை பார்த்த ஒருத்தி இருந்தாள். அவள் விரலுக்குச் சிவப்புதான் எரியும்.

"ஏண்டி, கேரட்டோட சேத்து ரேகையவும் கழுவிட்டியா?" என்பாள் பக்கத்து மெஷின்காரி.

"ஆமா. மூட்டைக்குள்ள கெடக்கும், போய்த் தேடு."

குளிரில் விரல் விறைத்தால் இன்னும் மோசம். கரி இஸ்திரிப் பெட்டியில் கையைக் காட்டிச் சூடாக்குவாள். தலை எண்ணெயில் விரலைத் தேய்த்து வைப்பாள். சில நாள் பச்சை. பல நாள் சிவப்பு. வகுப்பை நடத்தும் அலுவலகத்துக்குப் போனில் சொன்னேன். "நோட்டுல எழுதி வைங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். தினமும் எழுதினேன். அவள் ஒரு நாளும் தவறவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் கொடைக்கானலிலிருந்து அலுவலக ஆள் வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

"இவங்க பாதி நாள் ஆப்சென்ட், மேடம். எக்ஸாம்ல உக்கார முடியாது."

நோட்டைக் காட்டினேன்.

"இது செல்லாது. சிஸ்டத்துல இல்லையே."

"நீங்கதான எழுதச் சொன்னீங்க?"

அவர் சுவரில் மாட்டியிருந்த ஜாக்கெட்டை எடுத்து, கைப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிசிறில்லாத தையல்.

"இது நல்லாருக்கு. கண்காட்சிக்கு எடுத்துக்கிறேன்."

தைத்தவள் அவருக்குப் பின்னால்தான் நின்றாள்.

"வராதவ தச்ச ஜாக்கெட்டு சார் அது" என்றேன்.

"ரூல்ஸ் மேடம்." ஜாக்கெட்டை மட்டும் விடவில்லை.

அவள் அழவில்லை. "விடுங்க டீச்சர். நாளைக்கு வெள்ளனே தொட்டிக்குப் போயிர்றேன்" என்றாள். வேலை செய்து தேய்ந்த விரல் அது. அந்த விரலைப் பார்த்து இவள் வேலை பழக வரவில்லை என்கிறது ஒரு பெட்டி. கண்ணெதிரே நிற்பவளை விட்டுவிட்டுப் பெட்டியை நம்புகிறார் ஒரு மனுஷன்.

அவள் பாதி நாள் வரவில்லை என்று அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. அவர் கையிலிருந்து ஜாக்கெட்டை வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

அடுத்த வகுப்புக்கு வேறு டீச்சரைப் போட்டார்கள். அவள் தொட்டியில் நிற்கிறாள். நோட்டு என்னிடம் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.