போயா நாளில் ஒரு போராட்டம்

நேற்று கண்டியில் ஒரு துணிக்கடையில் புது வருஷக் கலண்டர் கொடுத்தார்கள். சுருட்டியிருந்ததை பஸ்ஸிலேயே பிரித்து மூக்கருகே வைத்துக்கொண்டேன். அச்சு மை வாசனைக்கு நான் அடிமை, என்ன செய்ய? மாதா மாதம் பௌர்ணமிக்கு வரும் போயா லீவு நாளில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா ஒருமாதிரியாகப் பார்த்தார். அவரிடம் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மை வாசனையில்தான் என் முதல் உத்தியோகம், கண்டி டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில். உத்தியோகம் என்பது கொஞ்சம் அதிகம்தான். போட்டோகொப்பி எடுப்பேன், வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்துக் கொடுப்பேன், டைப் அடிப்பேன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போன படித்த பெண் என்று எங்கள் லயத்து வீடுகளில் எனக்கு ஏக மரியாதை. சிங்களமும் சரளமாகப் பேசுவேனா, தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்த வருஷம்தான் அண்ணிக்குப் பெண் பிறந்தது. நிஷாந்தி என்று பெயர் வைத்தது நான். மூன்று மாதம் முடிந்ததும் அண்ணி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. பகலில் இரண்டு தடவை இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு ஏறவேண்டும். புதிதாக வந்த கணக்கப்பிள்ளை அதற்கு இருபது நிமிஷம் என்று சட்டம் போட்டான். ஒரு நிமிஷம் பிந்தினால் அரைப்பேர். அதாவது, நாள் முழுக்க முதுகொடிய நின்றாலும் அரை நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவான்.

அண்ணி கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள். பிள்ளை வாய் வைத்ததும் பிடுங்கி ஆயாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவாள். ஒரு நாள் இறங்காமல் மலையிலேயே நின்றுவிட்டாள். சாயங்காலம் சட்டையெல்லாம் பாலாக நனைந்து வந்தவள், "நாளையிலேருந்து புட்டிப் பாலுதான்" என்றாள்.

அண்ணிக்குப் பக்கத்து நிரையில் பறிப்பவள் ராசம்மாக்கா. வாய்க்குப் பூட்டு கிடையாது. "கண்டிக்குப் போவோம். கந்தோர் வாசல்ல நின்னு கத்துவோம். அப்பதான் காதுல விழும்" என்று அவள்தான் ஆரம்பித்தாள். தொழிலாளர் குறை கேட்கும் அரசாங்க அலுவலகம்தான் அந்தக் கந்தோர், என் கடைக்கு நாலு எட்டில் இருந்தது. நாள் குறிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேலை நாளில் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். போயாவென்றால் மலையிலும் லீவு, என் கடைக்கும் லீவு. சட்டென்று போயாவைச் சொன்னேன். "படிச்ச புள்ளன்னா சும்மாவா" என்று ராசம்மாக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

கடையிலிருந்த காலிப் பேப்பர் பெட்டிகளைக் கிழித்து, இரண்டு பாஷையிலும் மார்க்கரால் கோஷ அட்டைகள் எழுதினேன், ஒரு மனுவும் டைப் அடித்துக்கொண்டேன். கைக்குழந்தைகளோடும் கொழுந்துக் கூடைகளோடும் ஒரு லொறி நிறையப் போனோம். அடேயப்பா, அந்தப் பாட்டும் கும்மாளமும்! திருவிழாவுக்குப் போகிற மாதிரித்தான் போனோம். கந்தோர் வாசலில் இறங்கியதும் யாரும் சொல்லாமலே, கொழுந்து நிறுக்க நிற்பது போல அவளவள் இடத்தில் வரிசையாக நின்றுகொண்டார்கள். பிறகு கத்தினோம். தொண்டை கிழியக் கத்தினோம். உள்ளேயிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் காவலுக்கு இருந்த வோச்சர் மாத்தயா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். "அத போயனே, நங்கி" என்றார் சிங்களத்தில், பாவம்போல. இன்றைக்குப் போயா அல்லவா, தங்கச்சி. கந்தோருக்கும் லீவு.

நான் அப்படியே பூமிக்குள் போயிருக்கலாம். ராசம்மாக்கா என்னைப் பார்த்தாள். லொறியே என்னைப் பார்த்தது. "நல்லாப் படிச்ச போ" என்றாள். யாரோ சிரிக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

அந்தச் சத்தத்தில் நிஷாந்தி வீரிட்டாள். அண்ணி கூடையை இறக்கிவிட்டு, பூட்டிய கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள். நேரம் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தலதா மாளிகைப் புத்த கோயிலுக்கு வெள்ளை உடுத்துப் போய்க்கொண்டிருந்த சனம் நின்றது. ஒரு சிங்கள அம்மா என் அட்டையை வாசித்துவிட்டு, குடையை விரித்து அண்ணிக்கு வெயில் மறைத்துப் பிடித்தார். கூட்டம் வீதியை அடைத்துவிட்டது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர்தான் கந்தோருக்குப் பெரிய ஐயா. கோயிலுக்குப் போக வெள்ளைச் சாரமும் பூத்தட்டுமாக வந்திருந்தார். "நாளைக்கி வாங்க" என்றார், தெரிந்த தமிழில்.

"நாளைக்கி வந்தா பேரு போயிருமுங்க. அதுக்குத்தான் இன்னிக்கி வந்தோம்" என்றாள் ராசம்மாக்கா.

அவர் பூத்தட்டை வோச்சரிடம் கொடுத்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். மலையிலிருந்து காம்பரா எவ்வளவு தூரம் என்று கேட்டார். எங்களில் ஒருத்திக்கும் மைல் கணக்கு தெரியாது.

"நீங்களே வந்து நடந்து பாருங்க, ஐயா" என்றாள் அண்ணி. அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

மறு கிழமை நிஜமாகவே வந்தார். அண்ணிக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கி, காம்பராக் கதவைத் தொட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்க ஏறினார். கைக்கடிகாரத்தில் முப்பத்திரண்டு நிமிஷம். பிள்ளையை இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. கணக்கப்பிள்ளை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தடவைக்கு ஒரு மணித்தியாலம் என்று, காலையில் பேர் போடும் மஸ்டர் கொட்டகையில் கடிதம் ஒட்டினார்கள். அன்று மலையில் கிளம்பிய கூச்சல் எங்கள் லயம் வரை கேட்டது.

இப்போது காம்பரா பூட்டிக் கிடக்கிறது. அந்த நிஷாந்திக்கே நாலு மாதப் பையன் இருக்கிறான். பறிப்பது அதே மலையில்தான், ஆனால் பேர் போடும் வழக்கம் போய்விட்டது. மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, பறிக்கிற கிலோவுக்கு மட்டும் கூலி. கணக்கப்பிள்ளை இல்லை, அரைப்பேர் இல்லை. நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் பிள்ளை அண்ணியோடு லயத்தில், நிஷாந்தி ஒரு தடவைகூட இறங்குவதில்லை. இறங்கினால் கிலோ குறையும்.

போன கிழமை அவள் புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குப் பழைய வீராப்பு வந்துவிட்டது. "வா, கண்டிக்குப் போவோம். நான் அட்டை எழுதித் தாறேன்" என்றேன்.

அவள் புட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போவோம் அத்த. யார எதுத்துக் கத்துறதுன்னு மட்டும் சொல்லுங்க."